உலோக சேஃப்டி ரேஸர்களைத் தேர்ந்தெடுத்தலும் பேணுதலும்

சேஃப்டி ரேஸர் என்பது சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் எஃகுத் தகட்டைச் சற்றே வளைத்து, அசையாமல் இறுக்கி, தோலுக்கு எப்போதும் ஒரே கோணத்தில் காட்டும் கருவி. மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி ஆகிய மூன்று துண்டுகளும் அந்த ஒரு வேலைக்காகவே இருக்கின்றன. வாங்கும்போது எதைப் பார்ப்பது, எப்படிக் கழுவுவது, எதைத் தொடாமல் விடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, பிளேடு உட்காரும் அந்தச் சிறிய இருக்கையில்தான் இருக்கிறது. பல ஆண்டுகளாக இவற்றைச் சேர்த்துவரும் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது: நல்ல ரேஸர்கள் சவரம் செய்வதால் தேய்ந்து கெடுவது அரிது, உடையவரின் மிகையான மெருகேற்றலால் கெடுவதே அதிகம். இக்கட்டுரையில் சொல்லப்படும் பெரும்பாலான யோசனைகள் அந்த இருக்கையைக் காப்பதற்கானவை.

தச்சரின் இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே தலைநீட்டுகிறதோ அவ்வளவுதான் மரத்தைச் சீவும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த கத்தித் தொழிலாளர் ழான் ழாக் பெரே, சவரக்கத்திக்கு மரத்தாலான காப்பு ஒன்றைப் பொருத்தியது இந்தத் தத்துவத்தின்படியே. 1880இல் அமெரிக்காவில் கேம்ப்ஃபே சகோதரர்கள், கைப்பிடிக்குக் குறுக்காகத் தலை அமைந்த ரேஸருக்குக் காப்புரிமை பெற்றார்கள்; ஆனால் அதிலிருந்த தடித்த பிளேடை அடிக்கடி எடுத்துத் தீட்ட வேண்டியிருந்தது. தீட்டத் தேவையில்லாத, தேய்ந்ததும் தூக்கி எறியக்கூடிய மெல்லிய இருபுற பிளேடைப் பற்றிச் சிந்தித்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கோணாமல் கடினமாக்கும் வழியைக் கண்டவர் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன். ஜில்லெட்டின் காப்புரிமை 1904 நவம்பர் 15 அன்று 7,75,134 என்ற எண்ணில் வழங்கப்பட்டது. அன்றைய பிளேடில் மூன்று துளைகள் மட்டும் இருந்தன. இன்றைய பிளேடில் நடுவே நீண்ட பிளவு இருக்கிறது. ஆயினும் ஏறக்குறைய 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம் என்ற அளவு நிலைத்துவிட்டதால், நூறாண்டு கடந்த ரேஸரிலும் இன்று வாங்கும் பிளேடு பொருந்துகிறது. பழைய பொருள் ஒன்றைச் சேகரித்து, அதை அது செய்யப்பட்ட அதே வேலைக்கு இன்றும் பயன்படுத்த முடிகிறது என்பதே இந்தச் சேகரிப்பின் தனிச்சிறப்பு.

கைவினை என்பது எது வரை

இன்று சிறு பட்டறைகளில் உருவாகும் ரேஸர்களைக் கைவினைப் பொருட்கள் என்கிறோம். இந்தச் சொல்லின் எல்லையை வாங்குபவர் தெரிந்துகொள்வது நல்லது. பிளேடு அமரும் மேற்பரப்பு ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு பிசகினாலும் சவரத்தில் அது தெரிந்துவிடும். ஆகவே மேல்மூடியும் அடித்தட்டும் பெரும்பாலும் கணினி வழி இயங்கும் உலோக வெட்டு இயந்திரத்திலேயே வெட்டப்படுகின்றன, அது குறையன்று. கை வேலை தொடங்குவது அதன் பின்னர்: கைப்பிடியை லேத்தில் கடைதல், நர்லிங் எனப் பட்டறையில் சொல்லப்படும் சொரசொரப்பான குறுக்குக் கோடுகளை இடுதல், வெட்டுக்குப் பின் விளிம்பில் நிற்கும் பிசிறுகளை அகற்றுதல், மெருகிடுதல், மூன்று துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தல்.

இவற்றுள் மெருகிடுதலே இருபுறமும் கூரான வேலை. தலையைப் பளபளவென்று ஆக்கும் ஆர்வத்தில் மெருகுச் சக்கரத்தை அடித்தட்டின் விளிம்பில் சற்று அதிகம் அழுத்திவிட்டால், அந்த விளிம்பு உருண்டுபோகும். பிளேடுக்கும் காப்பு விளிம்புக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு புறம் கூடும், மறுபுறம் அப்படியே இருக்கும். என்னிடம் அப்படியொரு பித்தளை ரேஸர் இருக்கிறது. கண்ணாடியைப் போல் முகம் தெரியும் அதன் ஒரு புறம் மென்மையாக மழிக்கும், மறுபுறம் கழுத்தில் எரிச்சலை உண்டாக்கும். பல வாரங்கள் என் கைப்பழக்கத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அதை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான், பிளேடுக்குக் கீழே தெரிந்த ஒளிக்கோடு ஒரு பக்கம் நூலாகவும் மறுபக்கம் ஆப்பு வடிவிலும் இருப்பது தெரிந்தது. அன்று முதல், இயந்திரக் கோடுகள் மெலிதாகத் தெரியும் நேர்மையான மேற்பரப்பை, கண்ணைப் பறிக்கும் மெருகைவிட மேலாக மதிக்கிறேன்.

உலோகம்

எந்த உலோகம் என்பது அழகைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், எடை, ஆயுள், பராமரிப்பு ஆகிய மூன்றையும் அதுவே தீர்மானிக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறக்குறைய 8 கிராம், பித்தளை சுமார் 8.5 கிராம் எடை கொண்டவை. ஒரே வரைபடத்தின்படி செய்த இரு ரேஸர்களில் அலுமினிய ரேஸர் பித்தளை ரேஸரின் மூன்றில் ஒரு பங்கு எடையே இருக்கும். கனமான ரேஸர் தன் எடையாலேயே இறங்கி மழிக்கும். கை அழுத்தத் தேவையில்லை. இலேசான ரேஸரில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கை தானாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆயினும் முதல் ரேஸர் வாங்குபவர் நடுத்தர எடையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இரண்டு வகைகளைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுவீர்கள். 316எல் வகையில் 16 முதல் 18 சதவீதம் குரோமியமும் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உள்ளன; உப்பு நீரையும் ஈரத்தையும் அது நன்றாகத் தாங்கும். 303 வகையில் கடைவது எளிதாக இருப்பதற்காகக் கந்தகம் சேர்க்கப்படுகிறது. அந்தக் கந்தகமே அதன் துரு எதிர்ப்பைச் சற்றுக் குறைத்தும் விடுகிறது. கைப்பிடி 303ஆக இருந்தால் குறையில்லை. தலை 316எல்லாக இருந்தால் நல்லது. தயாரிப்பாளரிடம் எந்த வகை என்று கேட்டால் தயங்காமல் பதில் வர வேண்டும்.

பித்தளை, வெண்கலம், செம்பு ஆகியவை முலாம் இல்லாமல் விடப்படும்போது நாளடைவில் நிறம் ஆழ்ந்து பழுப்பாகும். அந்தப் பழுப்பு உலோகத்தைக் காக்கும் மேல்தோல், அது அழுக்கல்ல. பச்சை நிறத்தில் பொருபொருவென்று பூக்கும் களிம்பு வேறு. அதை அகற்றியே தீர வேண்டும். டைட்டானியம் துருப்பிடிக்காது. நிக்கல் ஒவ்வாமை உடையவர்களுக்கு அது மிகவும் ஏற்றது. நிக்கல் முலாம் பூசிய பழைய ரேஸர்கள் அவர்களுக்கு ஆகா. ஆனால் டைட்டானியத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒரு தொல்லை உண்டு: உலர்ந்த மரைகளை அழுத்தித் திருகினால் உலோகம் உலோகத்தைக் கடித்துக்கொண்டு, பிறகு கழற்றவே முடியாமல் போகலாம். மரையில் மிகச் சிறிய அளவு சிலிக்கோன் கிரீஸோ வாஸ்லினோ தடவிவைத்தால் இந்தத் தொல்லை வராது.

விலை குறைந்த ரேஸர்களின் தலை, துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்த வார்ப்பாலானது. அதன் மேல் குரோம் முலாம் இருக்கும் வரை எந்தக் குறையும் தெரியாது. ஓரிடத்தில் முலாம் உரிந்து ஈரம் உள்ளே போனால், துத்தநாகம் அரிக்கப்பட்டு முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். மரைத்தண்டு ஒருநாள் திருகும்போதே முறிந்துவிடும். பயன்படுத்தப் பழக இவை போதும், சேகரிப்பில் நெடுங்காலம் வைக்க ஏற்றவையல்ல.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

புதிய ரேஸரோ பழைய ரேஸரோ, கைக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்றி மூன்று துண்டுகளையும் துணியின் மேல் வைக்க வேண்டும். மேல்மூடியின் உட்புறத்திலும் அடித்தட்டின் மேற்புறத்திலும் விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகத்தில் மாட்டும் பிசிறு எங்காவது இருந்தால், அங்கே பிளேடு முழுமையாக உட்காராது. பிறகு பிளேடைக் குறுகிய பக்கங்களில் பிடித்து வைத்து, மேல்மூடியை நடுவில் அழுத்தியபடியே கைப்பிடியைத் திருக வேண்டும். அழுத்தாமல் திருகினால் பிளேடு சாய்ந்து நின்றுவிடும், குறை ரேஸரில் இருப்பதாகத் தவறாக எண்ணிவிடுவோம்.

இறுக்கியபின் தலையை மேலிருந்து நேராகப் பார்த்தால், பிளேடின் இரு விளிம்புகளும் மூடிக்கு வெளியே ஒரே அளவில் தெரிய வேண்டும். அடுத்து ரேஸரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, பின்னால் வெள்ளைத் தாளோ விளக்கோ இருக்கும்படி பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பிளேடின் கூர்முனைக்கும் அடித்தட்டின் காப்பு விளிம்புக்கும் நடுவே ஓர் ஒளிக்கோடு தெரியும். அது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பருமனில் இருக்க வேண்டும். ரேஸரைத் திருப்பினால் மறுபுறமும் அதே பருமன் தெரிய வேண்டும். பெரும்பாலான ரேஸர்களில் இந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது. இயந்திரப் பட்டறைகளில் இடைவெளி அளக்கப் பயன்படும் மெல்லிய எஃகுத் தகடுகளை வைத்து இதைத் துல்லியமாக அளக்கலாம். அளக்கும்போது கூர்முனையில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளி அதிகமானால் ரேஸர் கடுமையானது என்று பலரும் கருதுகிறார்கள். அது பாதி உண்மைதான். மூடியின் முனையையும் காப்பு விளிம்பையும் தொட்டபடி ஒரு கற்பனைக் கோடு இட்டால், பிளேடின் முனை அந்தக் கோட்டுக்கு வெளியே நீள்கிறதா, கோட்டிலேயே நிற்கிறதா, உள்ளே ஒடுங்குகிறதா என்பதுதான் தோல் உணரும் கூர்மையை முக்கியமாக முடிவு செய்கிறது. இடைவெளி பெரிதாக இருந்தும் முனை உள்ளே ஒடுங்கிய ரேஸர் மென்மையாக மழிக்கும். இடைவெளி சிறிதாக இருந்தும் முனை வெளியே நீண்ட ரேஸர் கவனமான கையைக் கேட்கும். இவற்றோடு, பிளேடு முனைக்கு எவ்வளவு அருகே இறுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். இறுக்கும் இடம் முனையிலிருந்து தள்ளியிருந்தால், அடர்ந்த முடியில் பிளேடு அதிர்ந்து தத்தித் தத்திப் போகும்.

காப்பு விளிம்பு சீப்புப் பற்களைப் போல் வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது நேரான பட்டையாக இருக்கலாம். நீண்ட நாள் வளர்ந்த முடிக்கும் கெட்டியான நுரைக்கும் பல் விளிம்பு உதவும். தினசரிச் சவரத்துக்குப் பட்டை விளிம்பு போதுமானது. பழைய ரேஸர்களில் பல் விளிம்பு இருந்தால் அதைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். கீழே விழுந்த ரேஸரில் ஓரப் பல் ஒன்று சற்றே வளைந்திருக்கும். வளைந்த பல்லை நிமிர்த்த முயன்றால் ஒடிந்துவிடக்கூடும். அத்தகைய ரேஸரைக் காட்சிக்கு மட்டும் வாங்கலாம்.

பழைய ரேஸர்கள்

பழைய ரேஸர்களின் காலத்தைக் கணிக்க அவற்றிலேயே தடயங்கள் உண்டு. 1950களின் தொடக்கம் முதல் அமெரிக்காவில் தயாரான ஜில்லெட் ரேஸர்களில், தலையின் அடிப்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டன. எழுத்து ஆண்டையும், 1 முதல் 4 வரையான எண் காலாண்டையும் குறிக்கும். ‘ஏ’ என்றால் 1955, ‘எஃப்’ என்றால் 1960. 1921, 1930 ஆகிய ஆண்டுகளில் தலையின் வடிவமே மாறியது; 1930இன் வடிவத்தில்தான் பிளேடின் நடுப்பிளவு வழக்கத்துக்கு வந்தது. 1938இல் அறிமுகமான டெக் என்ற மூன்று துண்டு ரேஸர் மென்மைக்குப் பெயர் பெற்றது. கைப்பிடியின் அடியைத் திருகினால் மேல்மூடி இரு கதவுகளாகத் திறக்கும் வகை தனி. 1950களின் இறுதியில் வந்த, 1 முதல் 9 வரை எண்ணிட்ட வளையத்தைச் சுழற்றி இடைவெளியை மாற்றும் வகை அதன் அடுத்த படி. இந்தக் கதவு வகைகளில் இரு கதவுகளும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே மட்டத்தில் மூடுகின்றனவா என்று பார்ப்பதே முக்கியச் சோதனை.

பழைய பித்தளைக் கைப்பிடிகளில் மெல்லிய குழாயாலானவை நீளவாக்கில் வெடிப்பு விட்டிருக்கும். முலாமுக்குக் கீழே முடியளவு கோடாகத் தெரியும் இந்த வெடிப்பு, மரை இருக்கும் மேல்முனையில்தான் பெரும்பாலும் தொடங்கும். உருவாக்கும்போதே உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கமும், அம்மோனியா கலந்த ஈரமும் சேர்ந்தால் பித்தளை இப்படித் தானாகவே பிளக்கும். இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் காரணமின்றி வெடிப்பு விட்டதிலிருந்தே இந்தக் குறைக்குப் பருவ வெடிப்பு (season cracking) என்று பருவத்தோடு சேர்த்துப் பெயர் வந்தது. விலங்குக் கழிவிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. ஆகவே அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் திரவங்களைப் பித்தளை ரேஸரின் அருகேகூடக் கொண்டுவரக் கூடாது.

பழைய தலையைப் புதிய கைப்பிடியோடு இணைக்க விரும்புபவர்கள் மரையைக் கவனிக்க வேண்டும். இன்றைய ரேஸர்கள் பலவற்றில் 5 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் மரை உள்ளது. பழைய அமெரிக்க ரேஸர்கள் பலவற்றில் சுமார் 4.8 மி.மீ. விட்டமுள்ள அங்குல மரை உள்ளது. இரண்டிலும் சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஏறத்தாழ ஒன்றே என்பதால் முதல் சுற்று ஏறிவிடும். அதற்குமேல் இறுகும்போது வலுக்கட்டாயமாகத் திருகினால், திரும்பக் கிடைக்காத பழைய மரைதான் சிதையும். விரல் நுனிகளால் மட்டும் திருகி, தடை தோன்றிய கணமே நிறுத்திவிட வேண்டும்.

தினசரிப் பராமரிப்பு

இது எளிது. சவரம் முடிந்ததும் தலையை ஓடும் நீரில் கழுவி, கைப்பிடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, உள்ளே தங்கிய நுரை வெளியேறும்படி மீண்டும் அலசி, நீரை உதறிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவைத்தால் போதும். பிளேடின் முனையைத் துணியால் துடைக்கக் கூடாது. கார்பன் எஃகு பிளேடு பயன்படுத்துபவர்கள் அதை ரேஸரிலேயே இரவெல்லாம் விட்டுவைத்தால், பிளேடின் துரு முலாமில் கறையாகப் படியும். ஒவ்வொரு முறை பிளேடு மாற்றும்போதும் மூன்று துண்டுகளையும் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, மிருதுவான பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தினால், பெரிய சுத்திகரிப்புக்கு அவசியமே வராது.

ஆழமான சுத்திகரிப்பு

பழைய ரேஸரில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ கெட்டியாகப் படிந்திருப்பது பெரும்பாலும் சோப்புக் கசடு. கடினநீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து, நீரில் கரையாத இந்தக் கசடாகின்றன. சுரண்ட வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, தேவையானால் மீண்டும் ஊறவிட வேண்டும். பற்களின் இடுக்கில் ஒட்டியிருப்பதை மரப் பல்குத்தியால் நெம்பி எடுக்கலாம்; ஊசியோ கத்தி முனையோ கூடாது. முதல் முறையாக நான் சுத்தம் செய்த பழைய ரேஸரில் பல் இடுக்குகள் முற்றிலும் மூடியிருந்தன. அதை நேர்விளிம்பு வகை என்றே நினைத்திருந்தேன். மூன்றாம் முறை ஊறவைத்தபோது, பல்குத்தியின் நுனியில் சாம்பல் நிறத் துண்டு ஒன்று முழுதாகக் கழன்று வந்தது. அதன் பின்னால் கீறலே இல்லாத நிக்கல் முலாம் மின்னியது. எத்தனையோ ஆண்டுகளாக அந்தக் கசடே அதற்குக் காப்பாக இருந்திருக்கிறது.

வினிகரும் எலுமிச்சைச் சாறும் கசடைக் கரைப்பது உண்மை. ஆனால் அமிலம் எதையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. முலாம் இல்லாத பித்தளையை அதில் நெடுநேரம் ஊறவிட்டால், மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் எஞ்சி இளஞ்சிவப்புத் திட்டுகளாகத் தெரியும். துத்தநாக வார்ப்புத் தலையின் முலாமில் ஊசித்துளை இருந்தாலும் அமிலம் அதன் வழியே உள்ளே அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மட்டும், நன்றாக நீர்த்த வினிகரைச் சில நிமிடங்கள் பயன்படுத்தி உடனே அலசலாம். அலுமினியத்துக்கு இதற்கு நேர்மாறான எதிரி காரம்: பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் தூள் அதன் நிறப்பூச்சை ஒரே தடவையில் வெளுக்கச் செய்துவிடும். குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும்கூடச் சிறு குழிகளை உண்டாக்கும். கொதிக்கும் நீரும் வேண்டாம். தங்க முலாமின் மேலிருக்கும் மெல்லிய அரக்குப் பூச்சு அதில் உரியும். பற்பசையில் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் இருப்பதால், தங்கமும் வெள்ளியும் பூசிய ரேஸரில் அதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது; மைக்ரான் கணக்கில் உள்ள முலாம் சில தேய்ப்புகளில் காணாமல் போகும்.

மீயொலித் தொட்டி, அதாவது அல்ட்ராசோனிக் கிளீனர், கதவு வகை ரேஸர்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய உதவுகிறது. முலாம் ஏற்கெனவே உரியத் தொடங்கிய ரேஸரை அதில் இட்டால், எஞ்சியிருப்பதும் செதில் செதிலாக வரும். சுத்தம் செய்து உலர்ந்தபின், கதவு வகையின் சுழல் தண்டில் ஒரு துளி மினரல் ஆயில் விட்டுப் பலமுறை திறந்து மூடினால் இயக்கம் மென்மையாகும். சமையல் எண்ணெய் விடக் கூடாது. அது நாளடைவில் பிசினாக இறுகிவிடும்.

வேறொருவர் பயன்படுத்திய ரேஸரைக் கழுவி உலர்த்தியபின், 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தொற்று நீக்கிய பிறகே முகத்தில் வைக்க வேண்டும். கசடு மிச்சமிருந்தால் ஆல்கஹால் உள்ளே எட்டாது. எனவே வரிசை மாறக் கூடாது. கைப்பிடியில் அரக்குப் பூச்சு இருந்தால் ஆல்கஹால் அதைக் கரைக்கக்கூடும் என்பதால், தலையை மட்டும் ஊறவைக்கலாம். பழைய ரேஸர்கள் சிலவற்றில் துருப்பிடித்த பழைய பிளேடு உள்ளேயே இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துத் திறக்க வேண்டும்.

மெருகு, மறுமுலாம்

முலாமில்லாத பித்தளையை ஆண்டுக்கு ஒருமுறை மெருகிட விரும்பினால் கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நர்லிங் கோடுகளும் ஒவ்வொரு மெருகிலும் சிறிது மழுங்கும் என்பதால் அதிலும் அளவு வேண்டும். மூடியின் வெளிப்புறத்தை லேசாகத் துடைக்கலாம். பிளேடு படும் உட்பரப்பிலும் அடித்தட்டின் விளிம்பிலும் மெருகுப் பசை படவே கூடாது. முன்பு சொன்ன ஆப்பு வடிவ ஒளிக்கோடு அங்கேதான் பிறக்கிறது. நிறம் தீட்டிய டைட்டானியத்தில் எந்தப் பசையும் வேண்டாம். அந்த நிறம் சாயமல்ல. மேற்பரப்பிலுள்ள ஆக்சைடு படலத்தின் தடிமனால் ஒளி பிரிந்து தோன்றுவது. தேய்த்தால் படலம் மெலிந்து நிறமே மாறும்.

பழைய ரேஸருக்கு மறுமுலாம் பூசுவது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. முலாம் பூசுமுன் பழைய முலாமைக் கரைத்து உலோகத்தை மெருகிடுவார்கள். அப்போது பொறித்த எழுத்துகளும் எண்களும் மங்கும், விளிம்புகளும் உருளும். பித்தளை பரவலாக வெளித்தெரியும், அன்றாடம் பயன்படுத்தவே வைத்திருக்கும் ரேஸருக்கு மறுமுலாம் நியாயம். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய முலாம் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் ரேஸருக்கு அதைச் செய்வது, காலத்தின் சான்றை அழிப்பது என்றே நான் நினைக்கிறேன்.

சேகரிப்பை வைத்திருக்கும் முறை

எல்லாவற்றையும் வாங்க முயன்றால் பணமும் இடமும் தீரும், ஒன்றும் நினைவில் நிற்காது. ஒரே உலோகம், ஒரே வகை இயக்கம், ஒரே காலம், ஒரு சிறு பட்டறையின் தொடர் தயாரிப்பு என ஏதேனும் ஓர் இழையைப் பற்றிக்கொண்டு போனால், ஒவ்வொரு புதிய ரேஸரும் முந்தையதைப் பற்றி ஏதோ ஒன்றைக் கற்றுத்தரும். ஒப்பிடும்போது எல்லா ரேஸர்களிலும் ஒரே வகை பிளேடையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பிளேடின் குணத்தை ரேஸரின் குணமாக எண்ணிவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதிவைக்கலாம்: எடை, உலோகம், இடைவெளி, மரை அளவு, பொறிப்புகள், வாங்கிய நாள், செய்த பழுதுபார்ப்பு. தலையின் இருபுற ஒளிக்கோட்டையும் ஒரு படம் எடுத்து அதனோடு வைத்தால், பின்னாளில் ரேஸர் கீழே விழுந்து ஏதேனும் மாறியதா என்று ஒப்பிட முடியும்.

நீண்ட நாள் வைக்கப்போகும் ரேஸரிலிருந்து பிளேடை எடுத்துவிட்டு, துண்டுகளை முழுக்க உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிய படலமாகத் தடவி, துணியால் துடைத்துவிட வேண்டும். அருங்காட்சியகங்கள் உலோகப் பொருட்களுக்குப் பயன்படுத்தும் இந்த வகை மெழுகில் புகழ்பெற்ற ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவானது. பெட்டியின் பொருளும் முக்கியம். ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவியை வெளிவிடும். கந்தகம் உள்ள ரப்பரும் கம்பளித் துணியும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பி.வி.சி. உறைகளும் வேண்டாம். சாயமிடாத பருத்தித் துணியில் சுற்றி, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வைப்பது போதும். கை வியர்வையின் உப்பு, முலாமில்லாத செம்பிலும் பித்தளையிலும் விரல் ரேகையாகவே பதிந்துவிடும். வைப்பதற்கு முன் கடைசியாகத் தொடும்போது பருத்திக் கையுறை அணிவது நல்லது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, மரைகளை ஒரு சுற்றுத் தளர்த்தி இறுக்கி, கதவு வகைகளை ஒருமுறை திறந்து மூடி, பச்சைக் களிம்போ முலாமில் கொப்புளமோ எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். களிம்பு கண்ட ரேஸரை மற்றவற்றிலிருந்து பிரித்து, அது ஈரம் தங்கியதாலா, பெட்டியின் பொருளாலா என்று காரணத்தைக் கண்டறிந்த பிறகே திரும்ப வைக்க வேண்டும். சிலிக்கா ஜெல்லையும் அதே நாளில் மாற்றிவிட்டு, அட்டையில் தேதியைக் குறித்துக்கொள்ளலாம். பயன்படுத்திய பிளேடுகளைக் குப்பையில் அப்படியே போடாமல், மேலே ஒரு பிளவு வெட்டிய தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் பிளவை நாடாவால் மூடி, பழைய உலோகம் வாங்குபவரிடம் உள்ளே பிளேடு இருப்பதைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.